வெறும் பையோடு நடக்கிறவர்கள்

எங்கள் பிரதேச சபை வருடக் கடைசியில் ஓர் அறிக்கை அச்சடிக்கும். வழுவழுப்பான தாள், முன்பக்கத்தில் சபையின் தலைவரான தவிசாளர் கைகூப்பிக் கும்பிடும் படம். அதில் என் பகுதிக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்குவார்கள். பூங்கா, விளையாட்டுத் திடல், பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் எல்லாம் என் தலையில்தான். பெயர் அருந்ததி, பதவி அபிவிருத்தி உத்தியோகத்தர். "எதைப் பிள்ளை அபிவிருத்தி செய்தனீ?" என்று என் மாமி கேட்பதுண்டு. மனுசிக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக வருடம் முழுக்க நாயாய் அலைகிறேன். தையில் வாடைக்காற்று வீசும்போதே பட்டப்போட்டியை வைத்து முடிக்க வேண்டும். பட்டம் மரத்தில் சிக்கினால் தாய்மார் என்னைத் திட்டுவார்கள், காற்று விழுந்தாலும் என்னைத்தான் திட்டுவார்கள். சித்திரையில் கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, மெதுவாகச் சைக்கிள் ஓடுதல். ஆடிப்பிறப்பன்று பூங்காவில் பெரிய கிடாரம் வைத்துக் கூழ் காய்ச்சி ஊருக்கே ஊற்றுவோம். புரட்டாதியில் நவராத்திரிக் கலைநிகழ்ச்சி, கார்த்திகையில் மரநடுகை. நட்ட கன்றுகளை ஊர் ஆடுகள் மேய்ந்து முடித்த கதை அறிக்கையில் வராது. நட்டது மட்டும் வரும், படத்தோடு.

படம் எடுக்க முடியாத சாதனை ஒன்று என்னிடம் இருந்தது. குளத்தைச் சுற்றி நாங்கள் போட்ட நடைபாதை. ஒரு பக்கம் பிள்ளையார் கோயில், மறுபக்கம் சந்தை, இரண்டு பக்கமும் வாசலில் ஒவ்வொரு கேற். கல் பதித்து, வேப்பமரங்களுக்குக் கீழே ஆட்கள் இருக்க வாங்கு போட்டு, வடிவாகத்தான் செய்தோம். விடிய வெள்ளன பத்துப் பதினைந்து பெண்கள் அங்கே நடப்பார்கள். இந்த முறை அறிக்கைக்காகப் படம் எடுக்க ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போனேன். கமராவைக் கண்டதுதான் தாமதம், அத்தனை பேரும் சந்தைப் பக்கக் கேற்றால் வெளியே போய்விட்டார்கள். கடைசியில் அறிக்கையில் வந்த படத்தில் வெறும் பாதையும் அதன் நடுவில் படுத்திருக்கிற ஒரு நாயும்தான் உண்டு.

ஏன் ஓடினார்கள் என்று வெளியூர் ஆள் கேட்டால் எனக்கு விளங்கப்படுத்தவே அலுப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காரணமில்லாமல் நடக்கக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் வாய்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற தபாலதிபர் தம்பிஐயா வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தால், "மனிசன் உடம்பை வடிவாப் பாக்கிறார்" என்று மெச்சுவார்கள். அதே நடையை ஒரு பெண் நடந்தால், "அவவுக்கு என்ன வருத்தமாம்?" என்று ஒருத்தி கேட்பாள், "வீட்டிலை வேலை இல்லையாக்கும்" என்று இன்னொருத்தி சொல்லுவாள். அதனால் எங்கள் பெண்கள் கையில் ஒரு சந்தைப் பையோடு நடப்பார்கள். பை வெறுமையாகக் காற்றில் ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஒருத்தி உள்ளே பழைய பேப்பர் மடித்து வைப்பாள், இன்னொருத்தி ஒரு தேங்காயைப் போட்டுக்கொண்டு வருவாள். யாராவது எங்கே என்று கேட்டால், சந்தைக்கு. குளத்தை ஏழெட்டுத் தரம் சுற்றிச் சந்தைக்குப் போகிற சனம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது உண்டோ தெரியாது.

அவர்களில் கமலாவதி அக்கா மட்டும் பை கொண்டு வருவதில்லை. அவ கையில் அர்ச்சனைத் தட்டு இருக்கும். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, தட்டை ஏந்தியபடியே பாதையில் இறங்கி நடப்பா. பார்க்கிறவனுக்குக் கோயிலுக்குப் போய் வருகிறா என்றுதான் தோன்றும். அவ வேறு யாருமில்லை, எங்கள் தவிசாளர் மார்க்கண்டு ஐயாவின் மனைவி.

போன ஆடியில் ஒருநாள் அவ வாங்கில் இருந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தா. பெருவிரல் பக்கத்தில் துணி சுற்றியிருந்தது. என்னக்கா என்று கேட்டேன். அங்குமிங்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"நெருஞ்சி முள்ளுக் குத்தினது, வைகாசியிலை. இன்னும் ஆறேல்லை. எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை, நீரிழிவு. டவுணிலை டொக்டரிட்டைக் காட்டினனான். நாளாந்தம் நடக்காட்டில் காலுக்குத்தான் கேடு எண்டு மூஞ்சைக்கு நேரை சொல்லிப்போட்டார்."

"ஐயாவுக்குத் தெரியுமோ?"

"உனக்கென்ன விசரோ? அவருக்குச் சொல்லுறதும் ஒண்டு, ஊருக்குச் சொல்லுறதும் ஒண்டு. தனுஷிகாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். தாய்க்குச் சீனியெண்டால் நாளைக்கு மகளுக்கும் வருமெண்டு சொல்லி விட்டிட்டுப் போயிடுவினம். போனமுறை சாவகச்சேரியிலை பேசின இடம் இவரின்ரை தமையன்ரை இருதய வருத்தத்தைக் கேட்டுத்தான் நிண்டது. அதை அவைக்குச் சொன்னதும் இவர்தான்."

மார்க்கண்டு ஐயா கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கயிறிழுத்தலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோற்கிற பக்கம் போய் நின்று இழுக்கிற மனிதர். ஆடிக்கூழுக்குத் தேங்காய் முழுக்கத் தன் வளவிலிருந்து தருவார். ஒரே குறை, வாயில் எதுவும் தங்காது. ஒரு செத்தவீட்டில், அந்த வீட்டு மகன் கனடாவில் ஒருவருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்ததை, ஆறுதல் சொல்லுகிற சாக்கில் தாய்க்கே சொல்லிவிட்டு வந்தவர். சொன்னபிறகுதான் நெற்றியில் அடித்துக்கொள்ளுவார். ஆகவே கமலாவதி அக்கா மறைத்ததில் நியாயம் இருந்தது. சீனி போடாத தேத்தண்ணியும் சோறு குறைத்ததும் மகளின் கலியாணத்துக்குப் பிடிக்கிற விரதம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தா. மனுசனும் அதை நம்பி, "என்ரை மனிசிக்கு இப்ப நல்ல பக்தி" என்று சபைக் கந்தோர் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தார்.

மார்கழி பிறந்ததும் இடி விழுந்தது. சந்தை வியாபாரிகளுக்கு மோட்டார் சைக்கிள் விட இடம் காணாதாம். அவர்கள் பக்கம் பேசுகிற உறுப்பினர் பிரகலாதன், சந்தையில் அவனுக்கும் கடை உண்டு, வருடாந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு தவிசாளரிடம் போனான். நாய் படுத்திருக்கிற படத்தைக் காட்டினான். "ஒருத்தரும் நடக்காத பாதை ஐயா. கரையிலை இருக்கிற மரத்தை வெட்டி மட்டப்படுத்தினால் பொங்கலுக்கு முதல் வாகனத் தரிப்பிடம் ஆக்கிப்போடலாம்" என்றான். என் அறிக்கை, நான் கூட்டிக்கொண்டு போன படப்பிடிப்பாளன், நான் தெரிந்தெடுத்த படம். என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டிருந்தேன்.

தவிசாளர் என்னைக் கூப்பிட்டார். "அருந்ததி, உண்மையிலை அங்கை ஆரும் நடக்கினமோ?"

"நடக்கினம் ஐயா. நிறையப் பொம்பிளையள்."

"அப்ப புதன்கிழமை விடிய நான் வந்து பாக்கிறன். ஆள் இருந்தால் பாதை இருக்கட்டும். இல்லாட்டில் இந்த மாதக் கூட்டத்திலை தரிப்பிடத்துக்கு ஓமெண்டு விடுறதுதான்." நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்தநாள் விடிய நான் பாதையில் நின்று ஒவ்வொருத்தரையும் மறித்தேன். புதன்கிழமை ஒருநாள் மட்டும் பையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், சும்மா நடவுங்கள், ஐயா வந்தாலும் நடவுங்கள் என்று கெஞ்சினேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு புதிதாக வரத்தொடங்கிய ஒரு பெண்ணிடமும் சொன்னேன். அவ ஸ்கூட்டியில் வருவா, ஒருவரோடும் கதைக்கமாட்டா, கையில் பெரிய பச்சைப் பை. எந்த இடம் என்று முன்பு கேட்டபோது, "கொக்குவில். இஞ்சை மரக்கறி மலிவு" என்றா. கொக்குவிலில் இல்லாத மரக்கறி எங்கள் சந்தையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டேன்.

கமலாவதி அக்காவைத் தனியே கூப்பிட்டேன். "நீங்கள் புதன்கிழமை வரவேண்டாமக்கா. மற்றவை நடந்து காட்டினால் காணும்."

அவவின் முகம் கறுத்துவிட்டது. "அவை நடப்பினமோ எண்டு எனக்கு நம்பிக்கையில்லை பிள்ளை. இந்தப் பாதை போனால் நான் எங்கை நடக்கிறது? றோட்டிலை நடந்தால் நான் வீட்டை போகமுன்னம் அவரின்ரை காதுக்குப் போயிடும். வீட்டுக்குள்ளை நடக்கேலாது. புண் இப்பதான் ஆறிக்கொண்டு வருது. என்ரை கால் அருந்ததி." தட்டில் இருந்த பூவை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனா.

புதன்கிழமை விடிய மெல்லிய தூறல். கோயிலில் திருவெம்பாவை முடிந்து சேமக்கலச் சத்தம் ஓய்ந்திருந்தது. நான் ஐயாவுக்கு முன்னே போய்ப் பூங்காக் காவலாளி லெனாட்டோடு நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளையாரப்பா! அத்தனை பேர் கையிலும் பை. சிலர் கையில் பையும் குடையும்.

"உங்களுக்கு என்ன சொன்னனான்?" என்று ஒருத்தியைப் பிடித்துக் கத்தினேன்.

"வெறுங்கையோடை வெளிக்கிட்டனான்தான். ஒழுங்கையிலை மாமியைக் கண்டிட்டன். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தனான்" என்றாள் அவள்.

கமலாவதி அக்காவும் வந்துவிட்டா. கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டாவாம், ஐயா அப்போதுதான் குளிக்கப் போனாராம், அவர் வருவதற்குள் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாவாம். சொல்லி வாய் மூடவில்லை, கோயில் பக்கக் கேற்றில் மார்க்கண்டு ஐயாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. லெனாட் கெட்டிக்காரன். ஒரு சொல் பேசாமல் தண்ணீர் மோட்டார் இருக்கிற சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டான். அவ உள்ளே பாய்ந்தா. நான் தவிசாளரை நோக்கி நடக்கத் திரும்பிவிட்டதால், பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டதைக் கவனிக்கவில்லை. பூட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐயா வாங்கில் இருந்தார். குடையைப் பக்கத்தில் சாத்தினார். அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் நடையின் வேகத்தைக் கூட்டி, பையை முன்னால் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு நேரே சந்தைப் பக்கக் கேற்றால் வெளியேறினார்கள். ஒருத்தி போகிறபோது, "இண்டைக்கு நல்ல முருங்கைக்காய் வந்திருக்காம்" என்று மற்றவளிடம் உரக்கச் சொன்னாள், ஐயாவுக்குக் கேட்கட்டும் என்று. எனக்கு அவள் மயிரைப் பிடித்து இழுக்கலாம் போல வந்தது. தம்பிஐயா மட்டும் வெள்ளைச் சப்பாத்தோடு கையை வீசிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்.

"ஒரு ஆள்" என்றார் தவிசாளர்.

"ஐயா, இப்ப போனவை எல்லாரும் நடக்க வந்தவை."

"பகிடி விடாதையும். அவை சந்தைக்குப் போகினம். பை தெரியேல்லையோ?"

"அந்தப் பைக்குள்ளை ஒண்டுமில்லை ஐயா. திறந்து பாத்தால் தெரியும்."

"பொம்பிளையளின்ரை பையைத் திறந்து பாக்கிறதோ? என்ன கதை இது?" எழுந்து பாதையைச் சுற்றிப் பார்த்தபடி நடந்தார். நேரே சாமான் அறைக்கு வந்து நின்றார். "உந்த அறையையும் இடிக்கவேண்டி வரும். திற லெனாட், உள்ளுக்கு எவ்வளவு இடமெண்டு பாப்பம்."

லெனாட் என்னைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன். என் வாயில் வந்தது இதுதான்: "திறக்கவேண்டாம் ஐயா. உள்ளுக்குப் பாம்பு நிக்குது."

"என்ன பாம்பு?"

"நல்லபாம்பு."

ஐயா இரண்டடி பின்னால் வைத்தார். கையைக் கூப்பிக் கதவைப் பார்த்துக் கும்பிட்டார். "அடிச்சுக் கிடிச்சுப் போடாதேங்கோ. நாகதம்பிரான். ஒரு சிரட்டையிலை பால் வையுங்கோ, தன்ரை பாட்டிலை போயிடும்." பிறகு கோயில் பக்கம் திரும்பி, "என்ரை மனிசியும் இப்ப உள் வீதியிலை நிப்பா. நான் குழப்பேல்லை" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார்.

சத்தம் தேய்ந்து போனபிறகு லெனாட்டிடம் திறப்பை வாங்கிப் பூட்டில் போட்டேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. கை அப்படியே நின்றுவிட்டது.

"நீங்கள் ஏன் ஒளிச்சனீங்கள்?" இது கமலாவதி அக்கா.

"அந்த மனிசனுக்கு என்னைத் தெரியும்." இது அந்தக் கொக்குவில் பெண். "போன மாதம் சாதகக் குறிப்போடை எங்கடை வீட்டை வந்தவர். என்ரை மகன் மயூரதனுக்கு அவரின்ரை மகளைத்தான் பேசுறம். இண்டைக்கு வாற ஐயா இவர்தானெண்டு எனக்குத் தெரியாது. நான் இஞ்சை நடக்கிறதைக் கண்டால் ஏனெண்டு கேப்பார். எனக்குச் சீனி வருத்தமெண்டு தெரிஞ்சால் பொம்பிளை தருவினமோ? கொக்குவிலிலை நடந்தால் ஊர் கேக்குமெண்டுதான் இவ்வளவு தூரம் வாறனான். நீங்கள் ஏன் ஒளிச்சனீங்கள்?"

நான் கதவில் காதை வைத்தேன். பிறகு கமலாவதி அக்காவின் குரல் கேட்டது, சிரிப்பா அழுகையா என்று பிடிபடாத குரல்.

"அது என்ரை மனிசன்."

கதவைத் திறந்தேன். எருப்பைக்கு மேல் இரண்டு பேரும் அருகருகே இருந்தார்கள். சுற்றிவர மண்வெட்டியும் கடகமும் புல்லு வெட்டுகிற மெசினும். அர்ச்சனைத் தட்டு ஒரு பக்கம், பச்சைப் பை ஒரு பக்கம். கொக்குவில் பெண்ணின் பெயர் உதயகலா என்று அப்போதுதான் அறிந்தேன். அவ கமலாவதி அக்காவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தா.

"உங்களுக்குமோ?" என்று உதயகலா கேட்டா.

"எனக்கும்தான். ஒரு வருசமாகுது."

"எனக்கு மூண்டு வருசம். என்ன குளிசை போடுறியள்?"

"விடிய ஒண்டு, பின்னேரம் ஒண்டு. நீங்கள் எதுக்கு எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொன்னனீங்களோ?"

அதன்பிறகு இரண்டு பேரும் சிரித்தார்களே ஒரு சிரிப்பு, லெனாட் வெளியில் நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். எனக்கும் அடக்க முடியவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். ஒரு மாதமாக இரண்டு பேரும் ஒரே பாதையில், ஒரே வருத்தத்தோடு, ஒருத்திக்கு ஒருத்தி பயந்து நடந்திருக்கிறார்கள். சிரித்து முடிந்ததும் உதயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஓம். எங்கடை வீட்டிலை நான் சொன்னால் சரி. இனி ஒண்டையும் ஒளிக்கவேண்டாம் சம்மந்தி" என்றா.

கமலாவதி அக்கா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த எருவைத் தட்டினா. "அப்ப இண்டைக்கு மத்தியானம் அவருக்குச் சொல்லுறன்" என்றா. மாப்பிள்ளை வீட்டுப் பயம் போய்விட்டது, ஆனால் இவ்வளவு நாளும் மறைத்ததைச் சொல்லுகிற பயம் வேறு அல்லவா.

சொன்னாவா, சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவந்தால்தானே. வியாழக்கிழமை தவிசாளர் கந்தோருக்கு வரவில்லை. கமலாவதி அக்கா பாதைக்கு வரவில்லை. தொலைபேசி எடுத்தால் தனுஷிகா, "அம்மா பேந்து எடுப்பா அன்ரி" என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சபைக் கூட்டம். ஐயா வந்தார், என்னைப் பார்க்காமலே போய் நாற்காலியில் இருந்தார். முகம் வீங்கினது போல இருந்தது. நான் கோப்பை மடியில் வைத்துச் சுவரோரம் இருந்தேன். மனுசன் கோபத்தில் பாதையை இடித்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

தரிப்பிட விடயம் வந்ததும் பிரகலாதன் எழுந்தான். "தவிசாளர் ஐயா நேரிலை போய்ப் பாத்தவர். அங்கை நடந்தது ஒரேயொரு ஆள். அதுவும் எங்கடை தம்பிஐயா. ஒரு ஆளுக்கு ஒரு பாதை வேணுமோ?" உறுப்பினர்கள் சிரித்தார்கள். பத்திரிகைக்காரப் பெடியனும் சிரித்தான்.

தவிசாளர் தனக்கு முன்னால் இருந்த ஒலிவாங்கியின் பொத்தானை அமத்தினார். "அந்தக் கணக்குப் பிழை" என்றார்.

"நீங்கள்தானே ஐயா எண்ணினனீங்கள்?"

"ஓம். நான்தான் எண்ணினனான். பிழையா எண்ணிப்போட்டன். அண்டைக்குப் பையோடை போன பொம்பிளையள் ஒருத்தரும் சந்தைக்குப் போகேல்லை. நடக்க வந்தவை. என்னைக் கண்டிட்டுப் போனவை."

"ஆர் உங்களுக்கு உதைச் சொன்னது?" பிரகலாதன் திரும்பி என்னை முறைத்தான்.

"என்ரை மனிசி சொன்னவ."

ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவவுக்குச் சீனி வருத்தம். ஒரு வருசம். எனக்குத் தெரியாது. என்ரை வாய்க்குப் பயந்து எனக்குச் சொல்லாமல் விட்டவ. விரதமெண்டு சொன்னவ, நானும் நம்பி ஊர் முழுக்கப் பெருமை அடிச்சனான். நான் வாங்கிலை இருந்து ஆள் எண்ணேக்கை, அவ அந்தச் சாமான் அறைக்குள்ளை மண்வெட்டியளுக்குப் பக்கத்திலை நிண்டவ. இருவத்தெட்டு வருசம் என்னோடை இருக்கிற மனிசி, என்னைக் கண்டு ஒளிச்சு நிண்டவ. அந்த ஆளை நான் எண்ணேல்லை."

இருந்துவிட்டார். ஒலிவாங்கியை நிறுத்த மறந்துபோனார். அவர் மூச்சு விடுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

செயலாளர்தான் தொண்டையைச் செருமி, தரிப்பிடம் வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டார். பிரகலாதன் கையைப் பாதி தூக்கி, அப்படியே தலையைச் சொறிந்தான். வேறு ஒரு கையும் எழும்பவில்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன், சொல்லுவதில் வெட்கம் என்ன.

வெளியே விறாந்தைக்கு வந்து கமலாவதி அக்காவுக்கு எடுத்தேன். இந்த முறை அவவே எடுத்தா.

"பாதை தப்பீட்டுதக்கா!"

மறுபக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "பிள்ளையாரே" என்றா. பிறகு, "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டா.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டார்."

"எல்லாத்தையுமோ?"

"ஓமக்கா. சீனி, விரதம், சாமான் அறை எல்லாம். பத்திரிகைக்காரரும் நிண்டவை."

நான் ஏச்சு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். ஏச்சு வரவில்லை.

"என்னோடை இரண்டு நாளா ஒரு சொல்லுக் கதைக்கேல்லை அந்த மனிசன்" என்றா. "சாப்பிடவும் இல்லை. கூட்டம் முடிஞ்சால் கெதியா வீட்டை வரச்சொல்லு பிள்ளை. சோறு போட்டு வைக்கிறன்."